வாயில் கொழுக்கட்டை

"ஏன்டா, இவன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அம்மா கேட்டது ஒரு மீனைப் பார்த்து. 2023 நவம்பர் 12, தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு தொட்டிக்கு முன்னால் நின்று, ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக்கிய மைசிஸ் இறாலை டிராப்பரில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். க்ளௌன் மீன்கள் இரண்டும் அடித்துப் பிடித்துத் தின்றன. பங்காய் கார்டினல் என்ற மீன் சோடியில் பெண் நிதானமாக வந்து தன் பங்கைத் தின்றுவிட்டுப் போனாள். ஆண் மட்டும் அலை படாத மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். தாடை இறங்கி, கன்னம் உப்பி, வாயை இறுக்கி மூடியிருந்தான். இறால் துண்டு ஒன்று மூக்கின்மேல் பட்டு நழுவியது. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான்.

அம்மா கேலியாகச் சொன்னதில் பிழையே இல்லை. அவன் வாயில் நாற்பது ஐம்பது முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர், ஆரஞ்சு நிறம். இனி அவை பொரிந்து, குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை, ஏறக்குறைய நான்கு வாரம், அவன் எதையும் தின்னமாட்டான்.

விவரம் சொன்னதும் அம்மா அதிரசத் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "முட்டை போட்டவ சாப்பிடறா, இவன் பட்டினியா? நல்லா இருக்கே நியாயம்." அன்றைக்கே அவனுக்கு மௌனசாமி என்று பெயரும் வைத்தாள். பங்காய் என்ற பெயர் அவள் வாயில் நுழைந்ததே இல்லை. இன்றுவரை அவளுக்கு அது மாங்காய் மீன்தான்.

கார்டினல் மீன்கள் பெரிய குடும்பம், முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். பலவும் சிவப்பு. கத்தோலிக்கக் கார்டினல்கள் போடும் சிவப்பு அங்கியை வைத்து வந்த பெயர் அது. பகலெல்லாம் பவளப் பொந்தில் ஒண்டிக்கொண்டு, இருட்டியபின் இரைக்கு வெளியே வருவதுதான் பெரும்பாலானவற்றின் வழக்கம். பங்காய் கார்டினல் இதற்கு விலக்கு. பகலில் நடமாடும், சிவப்பும் கிடையாது. வெள்ளிக் காசு போன்ற உடம்பில் மூன்று கருப்புப் பட்டைகள், நீண்டு தொங்கும் துடுப்புகள், ஆழமாகப் பிளந்த வால், கருப்பின்மேல் தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் மாறும். ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தால் எது எவர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

பெரிதாக நீந்தாது. எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. வீட்டுக்கு வருகிறவர்கள் நீல டேம்சல் மீனைப் பார்ப்பார்கள், க்ளௌனைப் பார்ப்பார்கள், பிறகு இதைக் காட்டி "இது உசுரோட இருக்கா?" என்பார்கள். காற்றில்லாத நாளில் மாடிக் கொடிக்கம்பியில் தொங்கும் காத்தாடி மாதிரி ஓரிடத்திலேயே நிற்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். நாள் முழுக்க போனும் மீட்டிங்குமாக இருந்துவிட்டு வருகிறவனுக்கு, அசையாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய விஷயம்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 250 லிட்டர். வேளச்சேரியில் இரண்டாவது மாடி. சென்னையில் ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல்மீனும் வளரும் தொட்டி, வைப்பதென்பது வெயிலோடு ஓயாமல் போடும் சண்டை. பவளத்துக்கும் மீனுக்கும் 26 டிகிரி வேண்டும். நம் கூடத்தில் மே மாதம் மின்விசிறிக்கு அடியிலேயே 33. முதல் வருடம் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கக் காசில்லாமல் தண்ணீர்ப் பரப்பின்மேல் நான்கு சிறு விசிறிகளை ஓடவிட்டேன். நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும் என்பது கணக்கு. மதுரையில் அந்தக் கணக்கு சரியாக வரலாம். சென்னையின் புழுக்கத்தில் காற்றே ஈரத்தைக் குடித்துவிட்டு வந்து நிற்கிறது, அதற்குமேல் எங்கே ஆவியாவது? ஒன்றரை டிகிரிதான் இறங்கியது. கடைசியில் பழைய சில்லர் ஒன்று வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை அம்மா கண்ணில் படாமல் நானே கட்டிவிடுகிறேன்.

தண்ணீர் இன்னொரு கதை. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1,500-ஐத் தாண்டும். ஆர்ஓவில் விட்டு, மிச்ச உப்பை உறிஞ்ச ரெசினில் விட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்த பிறகு உப்பு கலந்தால்தான் பாசி கட்டுக்குள் இருக்கும். உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் 1.025 பார்த்துக் கலப்பேன். கோவளத்திலிருந்து கடல்நீரையே கேனில் பிடித்துவந்து வடிகட்டி ஊற்றும் நண்பர்களும் உண்டு. எனக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை. அந்த டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கசிந்ததைப் பார்த்தபிறகு அவர்களில் சிலரும் உப்புப் பைக்கு மாறிவிட்டார்கள்.

பாறைகள் நானே செய்தவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லைப் பொறுக்கி வந்தால் போதாதா என்று கேட்பார்கள். கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-லிருந்து. செத்த பவளமும் அதில் சேர்த்திதான். அதனால் வெள்ளை சிமெண்டும் நொறுக்கிய சிப்பி ஓடும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து, மணலில் குழி பறித்து வார்த்தேன். ஊறப் போட்டால் உப்பு கரைந்துபோய்க் கல் முழுக்க ஓட்டையாகும், அந்த ஓட்டைகளில்தான் பிறகு பாக்டீரியா குடியேறும். சிமெண்டின் காரம் இறங்கும் வரை இரண்டு மாதம் மொட்டைமாடி டிரம்மில் ஊறியது. வத்தல் காயவைக்க மேலே வரும் எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, கல்ல ஊறவெச்சிருக்கீங்க, மாவு ஆட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் ஐந்து பங்காய்கள் 2022 ஜனவரியில் வந்தன. கொளத்தூரில் ஒரு கடையில் வாங்கினேன். கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு அந்தக் கேள்வியே தெரியாது. மூன்றாம் நாள் ஒன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் அதன் வெள்ளி நிறம் கருத்தது. வெள்ளை நூலாகக் கழிவு. மூச்சு வேகமாக வாங்கி, கீழே மணலோரம் சாய்ந்து நின்றது. பத்து நாளில் ஐந்தும் போயின. க்ளௌனுக்கோ டேம்சலுக்கோ ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா இல்லை, நைட்ரேட் ஐந்துதான். என் கைப்பிழை என்று எண்ணி ஒரு மாதம் தொட்டிப் பக்கமே முகம் கொடுக்கவில்லை.

பிறகு படித்தபோதுதான் புரிந்தது. பங்காயைத் தாக்கும் ஒரு இரிடோவைரஸ் உண்டு, 2009-இல் அதை விவரித்திருக்கிறார்கள். நான் கண்ட அறிகுறிகள் அத்தனையும் அப்படியே அதில் எழுதியிருந்தன. மருந்து கிடையாது. பிடித்து, குவித்துவைத்து, ஒரே தண்ணீரில் கைமாறிக் கைமாறி வரும் வழியில்தான் அது பரவுகிறது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதிகள். ஒன்று, தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன் மட்டும். இரண்டு, எந்த மீனானாலும் ஆறு வாரம் தனித்தொட்டி. தனித்தொட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்பஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப்புத் துண்டு. படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

தாய்லாந்தில் 2012 வாக்கிலேயே இந்த மீனைப் பெரிய அளவில் வளர்த்து ஏற்றுமதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி வளர்த்த மீன் வேண்டுமென்று கடைக்காரரை எட்டு மாதம் நச்சரித்தேன். "சார், ரெண்டும் பாக்க ஒண்ணுதானே" என்பார். "பாக்க ஒண்ணுதான் அண்ணே" என்பேன். கடைசியில் ஐந்து குட்டிகள் வரவழைத்துக் கொடுத்தார். ஐந்தும் பிழைத்தன.

ஐந்தாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஆணையும் பெண்ணையும் வெளியே பார்த்துப் பிரித்தறிவது அநேகமாக முடியாத காரியம். குழுவாக வளரவிட்டால் அவையே சோடி சேர்ந்துகொள்ளும். புத்தகத்தில் இவ்வளவும் அழகாக இருக்கும். சோடி சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் நடைமுறை. அதுவரை ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்த காத்தாடிகளில் இரண்டு மட்டும் வலது மூலையைப் பிடித்துக்கொண்டன. மற்ற மூன்றையும் விரட்டின. சாதுவான மீன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அந்த நம்பிக்கையில் நான் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஒன்று வால் கிழிந்து, கண் சிதைந்து, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்குப் போகும் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிச்சம் இரண்டையும் அன்றைக்கே அடையாறு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மிஞ்சிய சோடி 2023 மே மாதம் முதல்முறை முட்டையிட்டது. முட்டைகள் ஒன்றோடொன்று நூலிழையால் பிணைந்த பந்தாக வெளியே வரும், ஆண் அப்படியே கவ்விக்கொள்வான். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கன்னம் வற்றி, மற்றவர்களோடு சேர்ந்து மைசிஸ் தின்றுகொண்டிருந்தான். விழுங்கிவிட்டான். ஜூலையில் இன்னொன்று, ஐந்து நாள். செப்டம்பரில் ஒன்று, பன்னிரண்டு நாள். இளம் ஆண்கள் முதல் சில ஈட்டில் இப்படித்தான் செய்வார்கள் என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் அம்மாவுக்குத் திருப்தியில்லை. "பசி பொறுக்கல. உன் அப்பா சஷ்டி விரதம் மாதிரிதான்" என்றாள். அப்பா படத்துக்குக் கீழே நின்றுகொண்டே.

வாயில் வைத்து அடைகாப்பது கார்டினல் குடும்பத்தின் பொது வழக்கம். மற்றப் பெரும்பாலான இனங்களில் அது சில நாள் வேலை. பொரிந்ததும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சன்னமான இளம்புழுக்களாக வாயிலிருந்து வெளியேறி, கடலோட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்துபோய், எங்கோ ஒரு பாறையில் கரையேறும். கடைகளில் அதிகம் கிடைக்கும் பைஜாமா கார்டினலைப் பெருக்குவது கடினமாக இருப்பதும் அதனால்தான். அந்தத் தூசிக்குத் தீனி தேடுவதே பெரும்பாடு. பங்காய் அப்படி விட்டுவிடாது. இருபது நாளில் முட்டை பொரிந்த பிறகும் குஞ்சுகளை இன்னும் ஒரு வாரம் பத்து நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். வெளியே வருவது துடுப்பும் பட்டையும் புள்ளியுமாகப் பெற்றோரின் அச்சு. வந்த அன்றே வேட்டையாடும். மிதந்துபோகும் பருவமே கிடையாது.

என்னைப்போல் கூடத்தில் தொட்டி வைத்திருப்பவனும் இந்த மீனைப் பெருக்க முடிவது இந்த ஒரு குணத்தால். அதே குணம்தான் சொந்த ஊரில் அதற்கு வினையாகியிருக்கிறது.

அதன் சொந்த ஊர் இந்தோனேசியாவில், சுலாவெசித் தீவின் கிழக்கே இருக்கும் பங்காய் தீவுக்கூட்டம். இந்தோனேசிய மொழியில் சாபுங்கான் பங்காய் என்கிறார்கள். வால்டர் காவ்டெர்ன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1920-இல் அங்கே பிடித்த மீன்களை வைத்து, 1933-இல் கூமன்ஸ் என்ற டச்சு மீனியலாளர் இதற்கு டெரபோகன் காவ்டெர்னி என்று பெயரிட்டார். பிறகு அறுபது வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1994-இல் ஜெரால்ட் ஆலன் மீண்டும் கண்டுபிடித்துப் படம் வெளியிட்டார். அவ்வளவுதான், அடுத்த சில வருடங்களில் உலகத்திலிருக்கும் கடல்தொட்டிக்காரர்கள் எல்லோருக்கும் இது வேண்டியிருந்தது.

மிதந்துபோகும் பருவம் இல்லாத மீனுக்கு அடுத்த தீவே வெளிநாடு. தீவுகளுக்கு இடையே கடல் ஆழமாகிவிட்டால் தாண்டாது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பாறைத் திட்டுகளின் மீன்களுக்கு இடையே கூட மரபணுவில் வேறுபாடு இருக்கிறதென்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது ஒரு திட்டில் மொத்தமாகப் பிடித்துவிட்டால் பக்கத்துத் திட்டிலிருந்து யாரும் வந்து குடியேறப் போவதில்லை. தீவுக்கூட்டம் பெரிதுதான், ஆனால் அந்த மீன் உண்மையில் வாழும் ஆழமற்ற கரையோரத்தைக் கூட்டினால் சுமார் 34 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராத இடம்தான் ஒரு இனத்துக்கு மொத்த உலகம்.

2004 வாக்கில் இருந்த மொத்த மீன்கள் சுமார் 24 லட்சம் என்று ஒரு மதிப்பீடு. அதே காலத்தில் பிடிக்கப்பட்டவை ஆண்டுக்கு ஆறு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் வரை. பிடித்ததில் பல, கப்பலேறும் முன்பே செத்தவை. 2007-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலிட்டது. அதே வருடம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் மாநாட்டில் வணிகக் கட்டுப்பாட்டுக்கு அமெரிக்கா முன்வைத்த தீர்மானம் நிறைவேறவில்லை. 2018-இல் இந்தோனேசிய அரசு ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது. பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பங்காய் பகுதியில் இதைப் பிடிக்கத் தடை.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. இந்த மீன்கள், குறிப்பாகக் குஞ்சுகள், நீள முட்கள் கொண்ட கருப்புக் கடல் முள்ளெலிகளுக்கு (சீ அர்ச்சின்) நடுவே ஒளிந்து வாழும். இல்லாவிட்டால் கடல் சாமந்திகளின் (அனிமோன்) கைகளுக்குள். அந்த முள்ளெலியையும் சாமந்தியையும் சாப்பாட்டுக்கும் மீன் தீனிக்கும் மக்கள் எடுக்க ஆரம்பிக்க, மீனைப் பிடிக்காத இடத்தில்கூட மீன் குறைந்தது. வீட்டை எடுத்தபின் குடியிருப்பவன் எங்கே போவான்? இன்னொரு வேடிக்கை, வணிகர்கள் வழியில் கொட்டியதாலும் தப்பவிட்டதாலும் சுலாவெசியின் லெம்பே நீரிணையில், பாலித் தீவின் கிலிமானுக்கில் எல்லாம் இப்போது பங்காய்கள் பெருகிக் கிடக்கின்றன. அங்கே அவை வந்தேறிகள். தானாகக் கடல் தாண்டாத மீனை பாலிதீன் பை தாண்டவைத்திருக்கிறது.

செத்துப்போன என் முதல் ஐந்து மீன்களும் அந்த லட்சக்கணக்கில் சேர்ந்தவையாக இருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கும். வாங்கியவன் நான்.

தீபாவளியிலிருந்து இருபத்திரண்டாம் நாள் டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் போனது. விடிந்தபோது தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். இன்வெர்ட்டரில் தண்ணீரை அசைக்கும் ஒரு வேவ்மேக்கரும் ஏர் பம்பும் ஓடின. பேட்டரி பழசு, அன்று இரவு பதினொரு மணிக்குக் கூவிவிட்டு அணைந்தது. செல் போட்டு ஓட்டும் சின்ன ஏர் பம்ப் ஒன்றிருந்தது. இருந்த செல் எல்லாம் ஐந்தாம் தேதி காலையோடு தீர்ந்தது. கடைக்குப் போகப் படகுதான் வரவேண்டும்.

மழைக்குளிரில் சூட்டுப் பிரச்சினை இல்லை, 26 டிகிரியிலேயே நின்றது. பிரச்சினை மூச்சு. தண்ணீர் அசையாவிட்டால் ஆக்சிஜன் கரையாது, ராத்திரியில் பாசியும் பவளமும்கூட அதை இழுத்துக்கொள்ளும். வாயில் சுமையோடு இருக்கும் கார்டினல் ஆண்களுக்கு இது இன்னும் கொடுமை. ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். வாய் நிறைய முட்டை இருக்கும்போது குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் திறன் குறைகிறது, ஒரு கட்டத்துக்குமேல் துப்பிவிடுகின்றன. மௌனசாமி வாயில் இருந்தது முட்டைகூட இல்லை, பொரிந்த குஞ்சுகள். அவையும் மூச்சு விடும்.

அப்போது அம்மா சமையலறையிலிருந்து பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தாள். "பாலை ஆத்தற மாதிரி ஆத்து" என்றாள். அதற்குமேல் நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. பித்தளை கூடாது, செம்பு கலந்தால் பவளமும் இறாலும் செத்துவிடும் என்று சொல்லி பிளாஸ்டிக் ஜக்குக்கு மாற்றினேன். மொண்டு, ஒரு முழ உயரம் தூக்கி, நுரை பொங்க ஊற்றுவது. பத்து நிமிஷம் ஆற்றினால் இருபது நிமிஷம் ஓய்வு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மௌனசாமியின் செவுள் அடிக்கும் வேகத்தை எண்ணுவேன். கூடினால் மறுபடி ஜக்கு.

நடுவில் தரைத்தள வீட்டுக்காரர் பிரிட்ஜையும் அரிசி மூட்டையையும் மாடிப்படியில் ஏற்ற நானும் போய்க் கைகொடுத்தேன். அவர் குடும்பம் அன்றிரவு எங்கள் கூடத்தில்தான் படுத்தது. நள்ளிரவில் நான் எழுந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவதை அவர் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தண்ணீரால் வீடிழந்த மனிதருக்கு முன்னால் இப்படி ஒரு வேலை செய்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி வாக்கில் எழுந்து வந்து, "குடுங்க சார், நீங்க கொஞ்சம் படுங்க" என்று ஜக்கை வாங்கிக்கொண்டார். அவருடைய பெண், ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், காலையில் எழுந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், அது துப்பிடுச்சா?"

துப்பவில்லை. ஆறாம் தேதி நண்பகல் மின்சாரம் வந்தது. 57 மணி நேரம். டேம்சல் மீனும் இரண்டு இறாலும் போய்விட்டன. ஒரு தோல் பவளம் அழுகிக் கரைந்தது.

ஏழாம் தேதி இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் துணி சுற்றிய டார்ச்சுடன் அவனைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றினேன். வலை போடக்கூடாது. துடுப்பு சிக்கும், மிரண்டால் வாயைத் திறந்துவிடுவான். தெளிவான ஐஸ்கிரீம் டப்பாவைப் பாறையோரம் சாய்த்துவைத்து, கையால் மெல்ல ஒதுக்கி, தண்ணீரோடு அப்படியே தூக்கினேன். பெரிய தொட்டியிலேயே விட்டால் குஞ்சுகள் வெளியே வந்த நிமிஷம் க்ளௌனுக்கு இரை. சொந்த அம்மாவும் தின்பாள்.

ஒளிந்துகொள்ள முள்ளெலி வேண்டுமே? உயிருள்ளதை வாங்க மனமில்லை, நாற்பது லிட்டரில் அது தாங்கவும் செய்யாது. அம்மா, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவிக் களிமண் உருண்டையில் குத்திக் கொடுத்தாள். பார்க்க அசல் முள்ளெலி. ஒத்திகைக்கு வாளியில் போட்டு வைத்ததில் மூன்றே நாளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. பிறகு பிளாஸ்டிக் பந்தில் துளை போட்டு, மணல் நிரப்பி, கருப்புக் கேபிள் டை ஐம்பதைச் செருகினேன்.

ஒன்பதாம் தேதி இரவு விட்டான் போலிருக்கிறது, நான் பார்க்கவில்லை. பத்தாம் தேதி காலை அந்தப் பந்தின் கருப்பு முட்களுக்கு நடுவே முட்களைப் போலவே நிமிர்ந்து, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பங்காய்கள் நின்றன. பட்டை இருந்தது. புள்ளி இருந்தது. எண்ணினேன், 34. தகப்பன் மூலையில் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக நின்றான். அவனைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோய் மைசிஸ் விட்டேன். பதினொரு துண்டு தின்றான். வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, அது இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பவன் போல.

குஞ்சுகளுக்கு ஆர்டீமியா என்னும் பொடி இறால். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, உப்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை முட்டையைப் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால் ஒரே நாளில் பொரியும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஹீட்டர் வைக்கிறார்கள். சென்னையில் சமையலறை மேடையே போதும். நான் பொரித்துப் பொரித்து ஊட்டினேன். வயிறு ஆரஞ்சு நிறத்தில் புடைக்கத் தின்றன. ஆறாம் நாள் காலை, வழக்கம்போல் ட்யூப்லைட்டைப் போட்டேன். குஞ்சுகளில் சில சுழன்று, துடித்து, விறைத்து அடியில் விழுந்தன. நின்ற இடத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று.

நோயில்லை, விஷமில்லை. பயம். இதற்குத் திடீர் மிரட்சி என்றே வளர்ப்பவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வெறும் ஆர்டீமியாவில் ஒமேகா கொழுப்பு போதாது, அது இல்லாமல் வளரும் குஞ்சு லேசான அதிர்ச்சிக்கே சுருண்டுவிடும். நான் இதைப் படித்திருந்தேன். அந்தக் கொழுப்புக் கலவை வாங்க வேண்டும் என்று குறிப்பும் எழுதியிருந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு கூரியர் வரவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

"மீன் எண்ணெய்தானே, நீ குட்டியா இருக்கும்போது மூக்கைப் பிடிச்சு ஊத்துவேனே" என்றாள் அம்மா. மருந்துக்கடையில் காட் லிவர் ஆயில் மாத்திரை கிடைத்தது. நான்கு மாத்திரையைக் குத்திப் பிழிந்து, கொஞ்சம் முட்டை மஞ்சள் கருவோடு தண்ணீர் சேர்த்து மிக்சியில் அடித்துப் பாலாக்கி, ஆர்டீமியா இருக்கும் பாட்டிலில் சில சொட்டு விட்டோம். பொரிந்து அரை நாளான பிறகுதான் ஆர்டீமியாவுக்கு வாய் திறக்கும், அதற்கு முன் ஊற்றிப் பயனில்லை. அது தின்ற கொழுப்பை மீன் தின்னும். வீடு முழுக்க ஒரு வாரம் கவிச்சி வாடை. ட்யூப்லைட்டை விட்டுவிட்டு இரவு முழுக்க ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிட்டேன். அதற்கப்புறம் மிரட்சியில் ஒன்றும் சாகவில்லை. வேறு காரணங்களில் நான்கு போயின. 19 நின்றன.

ஏப்ரலில் அவை மூன்று சென்டிமீட்டர். ஆறை கீழ்வீட்டுப் பெண்ணின் பள்ளித் தோழி வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தேன், மூன்று எனக்கு. பத்தை ஆக்சிஜன் அடித்த பையில் கொளத்தூருக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எந்த ஊர் சரக்கு சார்?" என்றார். "வேளச்சேரி" என்றேன்.

மௌனசாமியைப் பொறுத்தவரை ஒரு ஏற்பாடு செய்தேன். பெண் சீக்கிரமே அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடுவாள். அவனோ தின்று தேறாமல் மறுபடி வாயை மூடினால் எலும்பாகிவிடுவான். அதனால் தொட்டியின் குறுக்கே கண்ணாடி போட்டு ஒரு பக்கம் அவனைத் தனியாக விட்டேன். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், ஒரே உயரத்தில் நின்றார்கள். ஜூனில் எடுத்தேன். அடுத்த ஞாயிறு காலை நான் டிராப்பரோடு போவதற்குள் அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டிருந்தாள். சமையலறை மேடையில் சோடா பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை மாத்திரை.